மார்த்தபான் சேற்றில் கரண்டிமூக்கு உள்ளான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில் மார்த்தபான் வளைகுடாவை ஒட்டிய தாட்டோன், பிலின், சைக்டோ பக்கத்துத் தமிழர்களிடம் உட்கார்ந்து பேசினால் கரண்டிமூக்கு உள்ளான் என்ற இந்தப் பறவையைப் பற்றி ஒரு கேள்வியாவது வந்துவிடும். கோவிலில் அன்னதானப் பந்தி முடிந்து மண்டபத்தில் இளைப்பாறும்போது கேட்பார்கள். மௌல்மீன் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் என் கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பார்த்துவிட்டுக் கேட்பார். ரங்கூனில் படிக்கும் பிள்ளைகள் போனில் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, வந்த பேச்சிலேயே, இங்கே எழுதியிருக்கிறேன்.

கரண்டிவாயன் தெரியும். அதுதானே இது?

இல்லை. கரண்டிவாயன் கொக்கு மாதிரி உயரமாக நிற்கும் பெரிய வெள்ளைப் பறவை. இது உள்ளான், சேற்றில் இரை தேடும் சின்னப் பறவை. நீளம் 14 முதல் 16 சென்டிமீட்டர், எடை சுமார் 30 கிராம்; ஒரு சிட்டுக்குருவியின் எடைதான். இரண்டுக்கும் பொதுவானது மூக்கின் நுனி தட்டையாக அகன்றிருப்பது மட்டும்தான்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1758இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது மூக்கைப் பார்த்து இதைக் கரண்டிவாயன் குடும்பத்தில்தான் சேர்த்தார். பிறகு தனியாக ஒரு பேரினம் கொடுத்தார்கள். இப்போது மற்ற சிறிய உள்ளான்களோடு காலிட்ரிஸ் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்.

முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சுக்கே, பஞ்சுருண்டை போல இருக்கும்போதே, அந்தக் கரண்டி மூக்கு இருக்கும். இதை முதலில் படத்தில் பார்த்த அன்று வெகுநேரம் அந்தப் படத்தை விட்டு நகர முடியவில்லை எனக்கு.

சேற்றில் ஆயிரம் சின்னப் பறவை ஓடுகிறது. அதில் இது எது என்று எப்படிச் சொல்வது?

இதுதான் கடினம், இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

நம் கரைக்கு வரும்போது இது சிவப்பாக இருக்காது. புத்தகத்திலும் போனிலும் வரும் படங்களில் தலை, கழுத்து, நெஞ்செல்லாம் செம்பழுப்பாக அழகாக இருக்கும். அது இனப்பெருக்கக் காலத்து இறகு. குளிர்காலத்தில் மேலே வெளிர் சாம்பல் பழுப்பு, கீழே வெள்ளை, காலும் மூக்கும் கறுப்பு. கொசு உள்ளானும், அதன் உறவான செங்கழுத்துக் கொசு உள்ளானும் அந்த மாதங்களில் ஏறக்குறைய இதே நிறம், இதே அளவு. கூட்டத்தில் பெரும்பான்மை அவைதான்.

பலர் கரண்டியைத் தேடி ஏமாறுவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் கரண்டி தெரியாது. நுனி கொஞ்சம் தடித்த நேர்மூக்காகத்தான் தெரியும். பறவை நம்மை நேராகப் பார்க்கும்போதோ, தலையைத் திருப்பும்போதோ ஒரு நொடி அந்த அகலம் தெரியும். அந்த நொடிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். இன்னொரு ஏமாற்றம்: கொசு உள்ளானின் மூக்கு நுனியில் சேறு ஒட்டிக்கொண்டால் அச்சு அசல் கரண்டி போலவே இருக்கும். பார்த்துவிட்டேன் என்று கூவுவதற்கு முன்னால், அது மூக்கைத் தண்ணீரில் கழுவும்வரை பொறுங்கள்.

நான் முதலில் முகத்தைத்தான் பார்ப்பேன். கரண்டிமூக்கு உள்ளானின் நெற்றியும் புருவமும் கொசு உள்ளானைவிட வெளுப்பாக இருக்கும். நெஞ்சும் சுத்தமான வெள்ளை. தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகத் தோன்றும். பிறகு அது மேயும் விதம். கொசு உள்ளான் அங்கே ஒரு கொத்து, இங்கே ஒரு கொத்து என்று ஓடிக்கொண்டே இருக்கும். இது மெல்லிய தண்ணீர் நிற்கும் இடத்தில் மூக்கைச் செங்குத்தாக இறக்கி, இரண்டு பக்கமும் அசைத்து, சேற்றை இளக்கி, ஒரே இடத்தில் வேலை பார்க்கும். சிறு இறால், புழு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சேற்றுப் பூச்சிகள் எல்லாம் அதற்கு இரை. நாற்று நடும்போது குனிந்த தலை நிமிராமல் நடுகிற ஆள் ஒருவர் வரிசையில் இருப்பாரே, அப்படி.

எங்கிருந்து வருகிறது?

ரஷ்யாவின் வடகிழக்கு மூலையிலிருந்து. சுக்கோத்கா என்ற பகுதியிலும், கம்சட்கா தீபகற்பத்தின் வடபாகத்திலும் கடற்கரையை ஒட்டிய தூந்திர நிலத்தில் மட்டுமே இது கூடு வைக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. அங்கிருந்து நம் வளைகுடா சுமார் 8,000 கிலோமீட்டர்.

ஜூன் தொடக்கத்தில் பனி இளகும்போது அங்கே போய்ச் சேரும். 4 முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு வெளிவந்த பிறகு பெரும்பாலும் அப்பன்தான் பொறுப்பு. ஜூலை, ஆகஸ்டில் பெரியவை கிளம்பிவிடும். குஞ்சுகள் அவற்றுக்குப் பிறகு, வழி சொல்ல யாருமில்லாமல், தாமாகவே தெற்கு நோக்கிப் புறப்படும்.

வழியில் மஞ்சள் கடலின் கரைகளில் இறங்கும். சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் ருதோங், தியாவ்சினி என்று இரண்டு சேற்றுவெளிகள் உள்ளன. பயணக் கொழுப்பைச் சேர்ப்பதும் பழைய இறகை மாற்றுவதும் அங்கேதான்.

இங்கே எத்தனை மாதம் இருக்கும்?

கணக்கு எளிது. தடிஞ்சூட் விளக்குத் திருநாளை ஒட்டி, ஐப்பசியில் கண்ணில் படத் தொடங்கும். தண்ணீர்த் திருவிழா வரும் சித்திரையில் கிட்டத்தட்ட போய்விட்டிருக்கும். ஆறு மாதத்தை நெருங்கும் காலம் நம் சேற்றில். சுக்கோத்காவில் இரண்டு மாதம், அதிகம் போனால் கொஞ்சம் கூட.

இதனால்தான் இதை விருந்தாளிப் பறவை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வருஷத்தில் பாதி நாள் ஒரு வீட்டில் உண்டு உறங்குகிறவரை யாரும் விருந்தாளி என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஆடி மாதத்திலும் பார்த்ததாக ஒரு மீனவர் சொன்னாரே?

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அந்த வருஷம் பிறந்த பறவைகளில் பெரும்பாலானவை அடுத்த கோடையில் வடக்கே திரும்புவதில்லை. இரண்டு வயது ஆன பிறகே கூடு வைக்கப் போகும். அதுவரை தெற்கிலேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் நம் வளைகுடாவில் ஒன்றிரண்டு தெரிந்தால் அவை பெரும்பாலும் அந்த இளவட்டங்கள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டையைப் பற்றிய பதிலில் திரும்பவும் வரும்.

உலகத்தில் எவ்வளவோ கடற்கரை இருக்க, நம்முடைய இந்தச் சேற்றுக்கு ஏன்?

சேற்றுக்காகத்தான்.

சிட்டாங் ஆறு நேராக வளைகுடாவின் தலையில் வந்து விழுகிறது. கிழக்கே மௌல்மீனில் தன்லுவின் ஆறு வண்டலைக் கொட்டுகிறது. மேற்கே ஐராவதி கொண்டுவரும் மண்ணிலும் ஒரு பங்கைக் கடல் நீரோட்டம் இந்தப் பக்கம் இழுத்து வருகிறது. மூன்று பேராறுகளின் மண் ஒரு புனல் போன்ற வளைகுடாவில் சிக்கிக்கொள்கிறது. அதன்மேல் ஓதம் வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இரண்டு மாடி வீட்டு உயரம். தண்ணீர் வற்றினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மினுமினுக்கும் சேறு. உலகின் மிகப் பெரிய சேற்றுவெளிகளில் இதுவும் ஒன்று.

இந்தச் சேறு ஒரு வருஷம் இருந்த இடத்தில் மறு வருஷம் இருக்காது. கரையோர ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கரையில் நிலமும் வீடும் ஆற்றோடு போகும். மறுகரையில் புதுத் திட்டு எழும்பும். வீட்டைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. நமக்குச் சோதனையாக வருவது இந்தப் பறவைக்குச் சோறாக வருகிறது. ஓயாமல் புதிதாகப் படியும் மெல்லிய வண்டல், புல் பிடிக்காத திறந்த வெளி, மேலே ஒரு விரல் கனம் தண்ணீர்: கரண்டி மூக்குக்கு ஏற்ற தட்டு அது.

குளிர்காலத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இந்த வளைகுடாவில் இருக்கும். கரண்டிமூக்கு உள்ளான் அதில் ஒரு கைப்பிடி. ஆனால் உலகில் மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான்களில் ஏறக்குறைய பாதி குளிர்காலத்தைக் கழிப்பது இங்கேதான் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள்.

பர்மாவில் வேறு இடங்களில்?

அரக்கான் கரையில், நம் பெரியவர்கள் அக்யாப் என்று சொன்ன சிட்வேக்குப் பக்கத்தில், நான்தா என்ற தீவைச் சுற்றியுள்ள சேற்றில் பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் மார்த்தபானுக்கு ஈடில்லை.

மோயிங்ஜிக்குப் போனால் பார்க்கலாமா? ரங்கூனிலிருந்து அது பக்கமாயிற்றே.

பார்க்க முடியாது. மோயிங்ஜி 1878இல் வெட்டப்பட்ட நன்னீர்த் தேக்கம். இந்தப் பறவைக்குக் கடல் ஓதம் ஏறி வற்றும் சேறு வேண்டும். ஊசிவால் வாத்தும் நத்தைகுத்தி நாரையும் பார்க்க ஆசை இருந்தால் மோயிங்ஜிக்குத் தாராளமாகப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் பெகு பக்கத்தில் இல்லை.

நம் பூர்வீக ஊர்ப் பக்கம் இது வருமா?

வங்காளதேசத்தில் சோனாதியா தீவு, தாய்லாந்தில் உப்பளங்களை ஒட்டிய பாக் தலே, கோக் காம், வியட்நாமின் கரைகள், தென் சீனாவில் குவாங்தோங் மாகாணம் ஆகியவையும் இதன் குளிர்கால இடங்கள்.

தமிழ்நாட்டைக் கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. கோடியக்கரையில் இது பதிவாகியிருக்கிறது. ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் அந்தச் சரணாலயத்துக்கான குறிப்பிலேயே இதன் பெயர் இருக்கிறது. ஆனால் அங்கே இது எப்போதும் அரிய வரவுதான். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரங்கூன் வந்தவர். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, அதே கரையில்தான் கோடியக்கரை. வங்காள விரிகுடாவின் இரு ஓரத்தையும் அறிந்த பறவை என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதன்மேல் ஒரு தனி ஒட்டுதல்.

உலகத்திலேயே எத்தனை மிச்சம்?

வளர்ந்த பறவைகள் 500க்கும் குறைவு. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆயிரம் ஜோடி வரை இருக்கலாம் என்று நினைத்தார்கள். 2009-10இல் 120 முதல் 200 ஜோடி என்று மதிப்பிட்டார்கள். 2002க்கும் 2009க்கும் நடுவில் வருஷத்துக்கு 26 சதவீதம் என்ற வேகத்தில் அழிந்திருக்கிறது. 2008இல் இது மிக அருகிய இனம் என்ற பட்டியலுக்குப் போனது. அதற்கு அடுத்த படி காட்டில் அற்றுப்போவதுதான். பிறகு அந்த வேகம் தணிந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஏன் இப்படிக் குறைந்தது? நாம் பிடித்துத் தின்றதாலா?

அதுவும் ஒரு காரணம். பெரிய காரணம்.

இன்னொரு காரணம் மஞ்சள் கடல். வழியில் இறங்கி இரை எடுக்கும் சேற்றுவெளிகளை அங்கே அணை கட்டி மண் நிரப்பி நிலமாக்கினார்கள். தென் கொரியாவில் சேமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டது. பாதி வழியில் சத்திரத்தை இடித்துவிட்டால் நடந்து வருகிறவன் என்ன செய்வான்? சீனக் கரையில் மிஞ்சிய இடங்களில் சில 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2024இல் மேலும் சில சேர்ந்தன. 2019இல் அறிவிக்கப்பட்டவற்றில் தியாவ்சினியும் ஒன்று.

ஆனால் நம் பங்கை நாம் பேச வேண்டும். 2008 தொடங்கி ஆய்வாளர்கள் இந்த வளைகுடாவைச் சுற்றி வந்தபோது இரண்டு உண்மைகளை ஒன்றாகக் கண்டார்கள். இவ்வளவு கரண்டிமூக்கு உள்ளான் ஒரே இடத்தில் வேறெங்கும் இல்லை என்பது ஒன்று. கரையோர ஊர்களில் வலை விரித்து உள்ளான் பிடிக்கிறார்கள் என்பது மற்றொன்று. பிடித்தவர்கள் இதைத் தேடிப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கருவால் மூக்கன் போன்ற சதைப்பற்றுள்ள பறவை. 30 கிராம் பறவையில் என்ன இருக்கிறது? ஆனால் வலைக்குப் பெரிது சின்னது தெரியாது.

இங்கேதான் அந்த இளவட்டங்கள் வருகின்றன. பிறந்த முதல் இரண்டு வருஷத்தின் பெரும் பகுதியை அவை தெற்கிலேயே கழிக்கின்றன. அனுபவமில்லாத பறவை, வருஷம் முழுக்க வலை இருக்கும் கரை. வடக்கே முதிர்ந்தவை கூடு வைத்தும், அவற்றின் இடத்துக்கு வர அடுத்த தலைமுறை வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டிலும் உள்ளான் கறி வெந்திருக்கிறது. காலைக் கட்டிக் கொத்தாகக் கொண்டுவருவார்கள். அம்மா மிளகு அரைத்துப் போட்டு வறுப்பாள். அதில் ஒன்றின் மூக்கு தட்டையாக இருந்ததா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. இறகு பறித்த பிறகு எல்லாம் ஒன்றுதான். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம்.

பிடித்தவர்களை என்ன செய்தார்கள்? ஜெயிலில் போட்டார்களா?

நல்ல வேளை, அந்த வழியில் போகவில்லை. பாங்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பர்மாவின் பல்லுயிர், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஊர் ஊராகப் போய்ப் பறவை பிடிக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசியது. அவர்களில் பெரும்பாலோர் மிகவும் ஏழைகள். மீன் கிடைக்காத நாளில் பறவை வலை. பறவை பிடிப்பதை விட்டுவிட ஒப்புக்கொண்டவர்களுக்கு மீன் வலை, படகு, ஆடுமாடு என்று வேறு பிழைப்புக்கு உதவினார்கள். பலர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். முன்பு வலை விரித்தவர்களிலேயே சிலர் பிறகு பறவைக் காவலர்களாக ஆனார்கள். எந்தத் திட்டில் எந்த ஓதத்தில் பறவை ஒதுங்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

என் எண்ணத்தைச் சொன்னால், இந்த ஏற்பாடு மீனைப் பொறுத்தே நிற்கும் அல்லது விழும். கொசுவலைக் கண்ணுள்ள வலைகள் வளைகுடாவை அரித்தெடுக்கின்றன. மீன் குறைந்தால் பறவை வலை திரும்ப வெளியே வரும். பறவையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் உல்லம் மீனையும் அதைப் பிடிக்கிறவர் வீட்டு அடுப்பையும் காப்பாற்ற வேண்டும்.

ராம்சர் இடம் என்று அறிவித்துவிட்டார்களாமே. இனி மீன் பிடிக்க விடமாட்டார்களா?

இந்த பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ராம்சர் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971இல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தப்படி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களை நாடுகள் பட்டியலில் சேர்க்கின்றன. மார்த்தபான் வளைகுடாவில் 42,500 ஹெக்டேர் 2017இல் சேர்க்கப்பட்டது. 2020இல் அந்தப் பரப்பை 1,50,000 ஹெக்டேருக்கும் மேலாக விரித்தார்கள்.

இந்த ஒப்பந்தம் மனிதனை வெளியேற்றச் சொல்லவில்லை. ஈரநிலத்தை அறிவோடு பயன்படுத்து என்பதுதான் அதன் வாசகம். மீன் பிடிக்கலாம், நண்டு பிடிக்கலாம்.

காலில் கொடி கட்டிய பறவையைப் பார்த்தேன். அது யாருடையது?

யாருடையதும் இல்லை. ஆய்வாளர்கள் காலில் மாட்டும் இலேசான பிளாஸ்டிக் துண்டு அது. வெள்ளை, இளம்பச்சை, மஞ்சள் என்று நிறம் இருக்கும். மேலே எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கும். நிறத்தை வைத்து எங்கே மாட்டப்பட்டது என்றும், எழுத்தை வைத்து எந்தப் பறவை என்றும் தெரியும். நம் சேற்றில் நின்று நீங்கள் படிக்கும் இரண்டு எழுத்து, சுக்கோத்காவில் அந்தப் பறவைக்குக் கொடி மாட்டியவருக்கு அது உயிரோடு இருக்கிறது என்ற சேதி. நிறம், எழுத்து, எந்தக் கால், கொடி முட்டிக்கு மேலா கீழா என்று நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரியாவிட்டால் நிறத்தையாவது.

கோழி மாதிரி அடைவைத்துப் பெருக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள், மிகவும் பாடுபட்டிருக்கிறார்கள். 2011இல் சுக்கோத்காவிலிருந்து கொண்டுபோன பறவைகளை இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் வளர்த்தார்கள். கூண்டில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்ந்து பறக்கும் நிலைக்கு வந்தது 2019இல்தான்; அதுவும் 2 குஞ்சுகள்.

இதைவிடப் பலன் தந்தது வேறொரு வழி. மெய்னிபில்கினோ என்ற சுக்கோத்கா கிராமத்தில் 2012 முதல், காட்டுக் கூட்டிலிருந்து முட்டையை எடுத்து, அங்கேயே அடைவைத்து, நரிக்கும் குளிருக்கும் தப்பவைத்து வளர்த்து, பறக்கும் வயதில் விட்டுவிடுகிறார்கள். முட்டை இழந்த ஜோடி பல சமயம் மறுபடி முட்டையிடும். அப்படி வளர்ந்த பறவைகளும் கொடியோடு தெற்கே வருகின்றன.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முன்பு முடிந்தது. 2021க்குப் பிறகு மோன் மாநிலத்திலும் பெகுவிலும் நிலைமை வேறு. சாலை, சோதனைச்சாவடி, படகு எல்லாவற்றுக்கும் அந்தந்த வாரத்து நிலவரம் பார்க்க வேண்டும். உங்கள் உயிரைவிட எந்தப் பறவையும் பெரிதில்லை. கரையோர ஊரில் சொந்தமோ நட்போ இருந்தால் அவர்கள் சரி என்று சொன்னால் மட்டும் போங்கள். பெரிய லென்ஸும் ஸ்கோப்பும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வேறு எதுவாகவோ தோன்றக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

போக முடிகிற காலத்தில் போகிறவர்களுக்கு ஓதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிட்டாங் வாயில் ஓதம் மெதுவாக ஏறாது. அமாவாசை பௌர்ணமி நாட்களில் சுவர் போல ஓர் அலையாக எழுந்து ஆற்றுக்குள் ஓடி வரும். அந்த இரைச்சலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். சேற்றுத்திட்டில் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போது அது வந்தால் ஓட இடமில்லை. ஆகவே உள்ளூர்ப் படகுக்காரர் இல்லாமல் இறங்கவே கூடாது. அவர் கிளம்பலாம் என்றால், கண்ணெதிரே என்ன பறவை நின்றாலும், அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

பறவை பார்க்க நல்ல நேரம் தண்ணீர் ஏறத் தொடங்கும் பொழுது. வற்றிய வேளையில் அவை மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும். தண்ணீர் ஏற ஏற மிச்சமுள்ள திட்டுகளுக்கு நெருங்கி வரும். அவற்றை விரட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். 8,000 கிலோமீட்டர் திரும்பிப் போவதற்கான கொழுப்பை அவை அந்தச் சேற்றிலிருந்துதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு வீண் பறத்தலும் அதிலிருந்து கழியும்.

மீன் வலையில் உயிரோடு சிக்கினால் என்ன செய்வது?

வலையை இழுக்காதீர்கள், நூலை அறுங்கள். முதலில் காலை விடுவித்து, பிறகு இறக்கை, கடைசியில் தலை. உள்ளங்கைக்குள் இறுக்காமல் பிடிக்க வேண்டும். நெஞ்சை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு கொடுக்காதீர்கள். நனைந்திருந்தால் துணி விரித்த அட்டைப் பெட்டியில், இருட்டில், கொஞ்ச நேரம் காயவிட்டு, ஆள் நடமாட்டமும் நாயும் இல்லாத சேற்றோரத்தில் இறக்கிவிடுங்கள்.

பார்த்ததை யாரிடம் சொல்வது? எனக்குப் பர்மிய எழுத்து அவ்வளவு வராது.

தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், எந்த ஊர்க் கரை, ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, எத்தனை பறவை, கொடி இருந்ததா. போனில் எடுத்த மங்கலான படமும் உதவும். ஈபேர்ட் என்ற செயலியில் நீங்களே ஏற்றலாம். அது வராதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் செய்து தருவார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பொங்கல் சமயம்தான், அந்த நாட்களில் எழுதிய பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

பறவை பிடிக்கும் ஆள் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், சரியான திட்டின் பெயரைப் பொதுவில் போடாதீர்கள். ஊர்ப் பெயர் போதும்.

போன தை மாதம் ஓர் அக்கா தன் நோட்டைக் காட்டினார். தாட்டோன் பக்கத்துக் கரையில் நான்கு நாள் போயிருக்கிறார். மூன்று நாளும் "கரண்டி இல்லை, கொசு உள்ளான் நிறைய" என்று எழுதியிருந்தார். நான்காம் நாள் பக்கம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அன்றைக்கும் இல்லை தம்பி, அதனால் எழுதவில்லை" என்றார். இல்லாத நாளையும் எழுதுங்கள் அக்கா என்று சொல்லி வந்தேன். எத்தனை நாள் தேடினோம், அதில் எத்தனை நாள் இருந்தது என்று இரண்டும் தெரிந்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று கணக்குப் போட முடியும்.